காளை பக்கம்தான் கோளாறு

தெற்கு டகோட்டாவின் கிழக்குக் கோடியில் பால்மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் டெரிக் நெஸ்ஹைமைத் தெரியும். பொலிகாளை நிலையத்தில் விந்தைச் சோதித்துப் பார்ப்பவன் அவன்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எந்தக் காளையின் சரக்கை உறைய வைக்கலாம், எதைக் கொட்டிவிடலாம் என்று சொல்லிவிடுவான். அவன் கை பட்ட விந்துக் குச்சியால் சினை ஊசி போட்டால் கிடாரிக் கன்றுதான் என்று விவசாயிகள் கேலியாகச் சொல்வார்கள். அவனும் மறுக்க மாட்டான்.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான் ஐந்து வருஷமாகத் தொட்டில் இல்லை.

சூ ஃபால்ஸ் நகரத்து மருத்துவமனையில் இரண்டு தடவை சோதனைக்குழாய் சிகிச்சை எடுத்தார்கள். முதல் தடவை கருக்கள் எல்லாம் மூன்றாம் நாளோடு வளர்ச்சி நின்று போயின. இரண்டாம் தடவை ஒட்டிய கரு எட்டாவது வாரத்தில் கலைந்தது. டெரிக்கின் விந்தணு எண்ணிக்கை ஆரம்பத்திலேயே பிரமாதம் என்று வந்திருந்தது. அந்த அறிக்கையைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தான். ஆகவே குறை மனைவி ஜோலீன் பக்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். உயர்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவள், ஓட்டப் பந்தயம் ஓடுகிறவள். ஓடுவதை விட்டாள், ஒயினை விட்டாள், காபியையும் விட்டாள். மாமியார் ஆர்டிஸ் மட்டும் யோசனை சொல்வதை விடவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு முன்னால் டாக்டர் பெக்கர் புதிதாக ஒரு சோதனைக்கு எழுதினார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"எண்ணிக்கை நல்லா இருக்கு டெரிக். நீச்சலும் நல்லா இருக்கு. ஆனா விந்தணுவுக்குள்ள இருக்கற டி.என்.ஏ. உடைஞ்சிருக்கு. நூத்துக்கு நாப்பத்தியொண்ணு. பதினஞ்சுக்குள்ள இருந்தா நல்லது. இப்படி இருந்தா கரு பாதியில நின்னு போகவும், ஒட்டினது கலையவும் வாய்ப்பு அதிகம்."

டெரிக்குக்குக் காது சூடாகிவிட்டது. "இந்த டெஸ்ட்டை நாங்க காளைக்குப் பண்றோம்."

"தெரியும். காளைய வச்சுத்தான் மொதல்ல பழகினாங்க."

காரில் ஏறியதும் ஜோலீன் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். டெரிக் சாலையையே பார்த்து ஓட்டினான்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அஞ்சு வருஷமா நான் காபி குடிக்கல டெரிக்! அஞ்சு வருஷம்! வண்டிய நிறுத்து!"

பெட்ரோல் நிலையத்தில் இறங்கிப் போய், இருப்பதிலேயே பெரிய கோப்பையில் காபி வாங்கிக்கொண்டு வந்தாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் ஒவ்வொரு மிடறாக அனுபவித்துக் குடித்தாள்.

இரண்டு நாள் டெரிக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் வேலையிடத்தில் ஒரு விவசாயி தொலைபேசியில் கூப்பிட்டு, தன் காளையின் விந்து ஏன் சரியாக இல்லை என்று கேட்டான். டெரிக் வழக்கமான பதிலைச் சொன்னான்: "வெயில்ல நின்னுருக்கும். சூடு ஏறினா விதைக்கு ஆகாது. அன்னைக்கே தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும்." சொல்லிவிட்டு ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுப் பின்கட்டில் அவன் வெந்நீர்த் தொட்டி இருந்தது. வேலை முடிந்து வந்தால் தினமும் கழுத்து வரை அதில்தான் கிடப்பான். உதட்டுக்குள் புகையிலை வேறு.

சக ஊழியன் வாலி எட்டிப் பார்த்தான். "என்னடா, பேய் அடிச்ச மாதிரி நிக்கற?"

"வாலி, நான்தான்டா வெயில்ல நின்ன காளை."

முழுக் கதையையும் கேட்ட வாலி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் டெரிக்கின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் பெக்கர் சோதித்தபோது விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருப்பதும் தெரிந்தது. ஆகஸ்டில் அதற்குச் சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை. புகையிலை நின்றது. வெந்நீர்த் தொட்டியை ஜோலீன் வடித்துவிட்டு மண்ணைக் கொட்டி முள்ளங்கி விதைத்தாள். டெரிக் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

அக்டோபரில் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் லூட்டஃபிஸ்க் என்ற உலர்மீன் விருந்து நடந்தது. ஊரே வந்திருந்தது. உருக்கிய வெண்ணெயை மீன்மேல் ஊற்றிக்கொண்டே கிழவர் ஆர்வில், டெரிக்கிடம் விந்துக் கணக்குக் கேட்டார். எந்தக் காளை, எத்தனை மாடு சினை நிற்கவில்லை என்று சத்தமாகவே பேசினார்கள். பாதிரியார் மனைவிகூடத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அது சாதாரண சாப்பாட்டு மேசைப் பேச்சு. மனுஷர் விஷயத்தை மட்டும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

உருளைக்கிழங்குச் சட்டியோடு வந்த ஆர்டிஸ் மருமகள் பக்கத்தில் குனிந்தாள். குசுகுசுப்பு என்று நினைத்து அவள் பேசியது மேசை முழுக்கக் கேட்டது.

"கேரன் பொண்ணு காலைத் தூக்கி வச்சுப் படுத்தே இருந்தாளாம். இப்ப ரெட்டைப் பிள்ளை. நீதான் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கற."

ஜோலீன் முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். டெரிக் அதைப் பார்த்தான். இந்த ஐந்து வருஷத்தில் அவள் இப்படி எத்தனை முறை கரண்டியைக் கீழே வைத்திருப்பாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அம்மா" என்றான். "மாடு நல்லாத்தான் இருக்கு. காளை பக்கம்தான் கோளாறு."

"எந்தக் காளை?"

"நான்தான்மா."

மேசையில் மெல்லுகிற சத்தம் நின்றது. டெரிக்குக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஆனாலும் தொடங்கியதை விடவில்லை. "எண்ணிக்கை இருக்கு, உள்ள டி.என்.ஏ. உடைஞ்சு போயிருக்கு. கரு நிக்காததுக்கு அதான் காரணமா இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. ஜோலீன்கிட்ட ஒரு குறையும் இல்ல."

ஆர்வில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு தம்பி?"

"நூத்துக்கு நாப்பத்தியொண்ணு."

ஆர்வில் நீளமாக விசில் அடித்தார். "அப்படி ஒரு காளைய நான் அன்னைக்கே வித்துருப்பேன்."

"நானும் விக்கப் பாத்தேன் ஆர்வில், யாரும் வெல கேக்கல" என்றாள் ஜோலீன்.

மேசை குலுங்கச் சிரித்தது. பாதிரியார் மனைவிக்குப் புரை ஏறியது. ஆர்டிஸ் மட்டும் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மருமகள் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அவர் வாயால வரட்டும்னு இருந்தேன்."

"நானும் என்னென்னவோ பேசிட்டேன்." ஆர்டிஸ் மேற்கொண்டு சொல்லத் தெரியாமல், ஜோலீன் தட்டில் இரண்டு பெரிய கரண்டி உருளைக்கிழங்கைப் போட்டாள். அந்த ஊரில் அதுவே மன்னிப்பு. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "அந்தத் தொட்டிய வாங்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

வெளியே வண்டி எடுக்கப் போனபோது ஓர் இளம் விவசாயி டெரிக்கிடம் ஒதுங்கி வந்தான். குளிரைப் பற்றியும் சோளத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசினான். கடைசியில், "அந்த டெஸ்ட்… எங்க எடுக்கறாங்க?" என்று கேட்டான். அந்தக் குளிர்காலத்தில் இப்படி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

பிப்ரவரியில் மறுபடி சோதித்ததில் நாற்பத்தொன்று பத்தொன்பதாகக் குறைந்திருந்தது. ஜோலீன் டாக்டரின் மேசையில் பேண்டு வாசிப்பது போலத் தாளம் போட்டாள்.

"நல்ல சேதிதான். ஆனா இது வாக்குறுதி இல்ல" என்றார் டாக்டர் பெக்கர்.

இந்த முறை மூன்று கருக்கள் ஐந்தாம் நாளைத் தாண்டின. அவற்றை உறைய வைத்த அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்த டெரிக், நைட்ரஜன் எப்போது நிரப்புகிறீர்கள், மின்சாரம் போனால் எச்சரிக்கை மணி அடிக்குமா என்று ஆய்வகப் பெண்ணைக் குடைந்து எடுத்தான். "எங்க நிலையத்துல நாங்க…" என்று தொடங்கியபோது ஜோலீன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் கரு ஒட்டவில்லை. அன்று இருவரும் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, வசந்தத்தில் மறுபடி விதைத்திருந்த முள்ளங்கியை மண்ணோடு பிடுங்கித் துடைத்துத் தின்றார்கள். எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் இப்படி ஆகுமா என்று டெரிக் கேட்டான். ஜோலீன்தான், "சந்தையில ஒரு நாள் வெல எறங்கினா மாட்டையா விப்பாங்க? வா" என்று அவனை எழுப்பினாள்.

இரண்டாவது கரு நின்றது. எட்டாவது வாரம் தாண்டும் வரைக்கும் டெரிக் வீட்டில் நுனிக்காலில் நடந்தான். பன்னிரண்டு தாண்டியதும் ஆர்டிஸ் தேவாலயப் பெண்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள்.

அடுத்த மார்ச்சில், பனிப்புயலில் நெடுஞ்சாலை மூடிக் கிடந்த காலையில், பெண் பிறந்தாள். ஆர்வில் தன் டிராக்டரில் பனி வாரும் பலகையை மாட்டி முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே போக, பின்னால் டெரிக் வண்டி ஓட்டி ஜோலீனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். இங்கிரிட் என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் வாலி வந்தான். பூங்கொத்துக்குப் பதில், கன்றுக்கு மாட்டுகிற மஞ்சள் காது வில்லை ஒன்றில் பிறந்த தேதியை எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

"காதுகிட்ட கொண்டு போன, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் ஜோலீன். ஆனாலும் வில்லையை வாங்கித் தொட்டில் கம்பியில் கட்டினாள். இங்கிரிட் கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கிப் போனாள்.