வந்துச்சு, பாத்துட்டேன்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக் கூடாது என்பது ராஜமேரி போட்ட முதல் சட்டம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முதல் கடிதத்தை அவளுக்குத்தான் போட வேண்டும் என்பது இரண்டாவது. மொரப்பூர் சாலையில் இருந்த பல்கலைக்கழகக் கிளைக்கு எண்பத்தாறில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஏசி போட்டு அதைக் குடிவைத்தார்கள். ஏசி கம்ப்யூட்டருக்குத்தான். மனுஷர்கள் உட்காருகிற பக்கம் மின்விசிறி சுற்றினாலே பெரிய விஷயம். அந்தப் பக்கம் வரிசையாக டெர்மினல்கள். ஒன்றில் தட்டினால் கடிதம் இன்னொன்றில் உட்கார்ந்திருப்பவருக்குப் போய்ச் சேரும். நாலு எட்டு நடந்தால் நேரிலேயே சொல்லிவிடலாமே என்று யாராவது கேட்டால் டைரக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

வேலை நிரந்தரமானவர்களுக்கு அதில் கணக்குத் திறந்து கொடுப்பது ராஜமேரியின் பொறுப்பு. சொந்த ஊர் எதுவென்று கேட்டு அதையே முதல் பாஸ்வேர்டாக வைத்துக் கொடுப்பாள். ஊர்ப் பெயரை எவன் மறப்பான்? பிறகு கடிதம் போடக் கற்றுத் தருவாள். தமிழ் எழுத்து அதில் வராது, இங்கிலீஷ் எழுத்தைக்கொண்டே தமிழைத் தட்ட வேண்டும். "எனக்கே ஒண்ணு போடுங்க. என்ன வேணா எழுதுங்க" என்பாள். வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா மேடம் என்று வந்து குவியும். அவள் ஒன்றையும் திறந்து படித்ததில்லை. வந்து சேர்ந்ததா என்று மட்டும் பார்ப்பாள். சாயங்காலம் மொத்தமாக அழித்துவிடுவாள், இல்லையென்றால் இடம் பற்றாது. மறுநாள் வந்து கேட்கிறவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தாள். "வந்துச்சு, பாத்துட்டேன். நல்லாப் பண்ணியிருக்கீங்க. இனிமே எனக்குப் போட வேணாங்க, எடம் அடையுது." எல்லோருக்கும் அதே சொல், அதே சிரிப்பு.

அன்றைக்குக் கணக்குத் திறக்க வந்தவள் ரோசம்மா. நூலகத்து டைப்பிஸ்ட். பரீட்சைப் பிரிவில் இருக்கும் சின்னப்பராஜின் மனைவி. தற்காலிகமாக இருந்து அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தாள். இத்தனை நாளும் பஸ் ஸ்டாப்பிலும் கோயிலிலும் தூரத்தில் பார்த்தால் ராஜமேரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இன்று திரும்ப வழியில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சின்னப்பராஜ் பொம்மிடிக்காரர். காலை ரயிலில் மொரப்பூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டை ராஜமேரியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். தூக்குப்போசி மூடியில் கொய்யாக்காய் நறுக்கி வைத்து அவள் பக்கம் தள்ளுவார். பேச்சு மட்டும் வராது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருக்கும், பிடித்தும் இருக்கும்.

அவளுக்கு அப்போதே முப்பது தாண்டியிருந்தது. பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அப்பா சவரி, வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். அப்புறம் குறை சொல்லக்கூட ஆள் வருவது நின்றுபோனது. சின்னப்பராஜை மட்டும் அவளே தேர்ந்து வைத்திருந்தாள். வேதக்காரர், சொந்த சனம், நல்ல மனுஷர். அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அப்பாவிடம் சண்டை போட்டாவது சம்மதம் வாங்கிவிடுவாள். ஆனால் அவர் கேட்க வேண்டும். வேலை நிரந்தரமாகட்டும் என்று காத்திருக்கிறார் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நிரந்தரமும் ஆனார். அவரோடு இன்னும் ஒரு கூட்டம் பேர். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கணக்குத் திறந்து, கடிதம் போடச் சொல்லிக் கொடுத்து, தொண்டை வற்றிப்போனது. மற்றவர்கள் ஒரு வரி தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சின்னப்பராஜ் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிக்கொண்டே இருந்தார். மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது என்று ராஜமேரி எழுந்து போனாள்.

"என்னங்க, நின்னுபோச்சுங்களா?"

அவர் சட்டென்று உள்ளங்கையால் திரையை மறைத்தார். காது சிவந்திருந்தது. "இல்லீங்க மேடம். போயிருச்சுங்க."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். சாயங்காலம் வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து சின்னப்பராஜ் மதியம் வரவில்லை. தூக்குப்போசியைப் பரீட்சைப் பிரிவிலேயே திறந்தார். கம்ப்யூட்டர் வேலை எது இருந்தாலும் பியூன் சென்றாயனிடம் கொடுத்தனுப்பினார். வேலை நிரந்தரமானதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ராஜமேரி முடிவுகட்டினாள். இவளுக்கும் ரோஷம் குறைவில்லை, போய் ஏனென்று கேட்கவில்லை. ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணப் பத்திரிகையும் சென்றாயன் கையில்தான் வந்தது. அன்றைக்கு அவள் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதாள்.

"சொந்த ஊரு எதும்மா?" என்று ரோசம்மாவிடம் கேட்டாள்.

"பிக்கிலிப் பக்கமுங்க அக்கா. இப்ப பொம்மிடிதாங்க."

வெகுளியான பெண். கேட்டதற்கு ஒன்றும் கேட்காததற்கு இரண்டுமாகச் சொன்னாள். விரல்கள் மட்டும் விசைகளில் சும்மா பறந்தன. டைப்பிஸ்ட் அல்லவா? ராஜமேரி வழக்கமான பாடத்தைச் சொல்லி முடித்து, "எனக்கே ஒண்ணு போடும்மா. என்ன வேணா எழுது" என்றாள்.

ரோசம்மா கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பொட்டில எழுதறதெல்லாம் வீணுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாருங்க."

"ஏன்?"

"கல்யாணத்துக்கு முந்தி யாரோ ஒருத்தங்களுக்கு ஒரு லெட்டர் போட்டாராமுங்க. நேருல கேக்க வாய் வரலியாம். மனசுல இருந்ததையெல்லாம் மொத்தமா எழுதிட்டாராம். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லியாம். மறுநாளு போய், வந்துச்சுங்களான்னு கேட்டாராம்."

ராஜமேரி அவள் பக்கம் திரும்பினாள்.

"அவங்க சிரிச்சுக்கிட்டே, வந்துச்சு, பாத்துட்டேன், இனிமே எனக்குப் போட வேணான்னுட்டாங்களாம். பேரைச் சொல்ல மாட்டேங்கறாருங்க. நல்ல மனுஷிதான், நான் கேட்டதுதான் தப்புங்கறாரு." ரோசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவங்க வேணான்னதுனாலதானுங்க எனக்குக் கெடைச்சாரு. யாரா இருந்தாலும் புண்ணியவதி."

கண்ணாடிக்குப் பின்னால் ஏசி இரைந்துகொண்டிருந்தது. ராஜமேரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நல்லாப் பண்ணியிருக்கீங்க என்று வேறு சொன்னோமே! அந்த மனுஷர் அதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார்? சரிங்க மேடம் என்றார். அப்போது முகம் எப்படி இருந்தது? நினைவுபடுத்திப் பார்த்தாள், வரவில்லை. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நிறைய பேர், அவரும் அந்த வரிசையில் ஒருவர். என்னென்ன எழுதியிருப்பார்? ஒரு கடிதம், அவள் வாழ்நாளில் அவளுக்கென்று வந்த ஒரே கடிதம், அதை அவளே அழித்தாள். இடம் அடைகிறது என்று அழித்தாள். ஊர் முழுக்கக் கடிதம் படிக்கக் கற்றுக் கொடுத்த தன்னை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

"போட்டுட்டேனுங்க அக்கா" என்றாள் ரோசம்மா. "வந்துச்சுங்களா?"

பழகிய வாய், அந்த வாக்கியம் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ராஜமேரி அதை விழுங்கிக்கொண்டாள். எழுந்து தன் டெர்மினலுக்குப் போய் உட்கார்ந்து, கடிதத்தைத் திறந்தாள். திறக்க வேண்டிய விசை எதுவென்று ஒரு கணம் அவளுக்கே தடுமாறியது. இங்கிலீஷ் எழுத்துக்களில் கிடந்த தமிழை மெல்லக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

'அக்கா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எங்க வூட்டுக்குச் சாப்பிட வாங்க. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். கட்டாயம் வரணும்.'

இரண்டாம் தரமும் படித்தாள். பிறகு பதில் தட்டினாள். 'படித்தேன் ரோசம்மா. ரொம்ப சந்தோஷம். இன்னொரு நாளைக்கு வருகிறேன்.' தட்டி முடித்த பிறகும் அனுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினாள்.

அந்தப் பக்கம் ரோசம்மா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "அக்கா, பதில் வந்துருச்சுங்க! இன்னைக்குச் சாயங்காலம் அவருகிட்டச் சொல்றேன். பொட்டில எழுதறதெல்லாம் வீணுன்னீங்களே, எங்க மேரியக்கா உக்காந்து படிச்சு, உடனே பதில் போட்டாங்கன்னு!"

வேண்டாம் என்று சொல்ல ராஜமேரி வாயெடுத்தாள். ஏன் அக்கா என்று அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது?

"சரிம்மா" என்றாள். "சொல்லு."