பின்வழிக் கதவு

மூன்று பேருக்கு டீ போட்டு வெகுநாளாகிவிட்டதால், எவ்வளவு சர்க்கரை போடுவது என்பதே அக்தர் பேகத்துக்குப் பிடிபடவில்லை. கல்லூரியில் சரித்திரம் நடத்தும் இன்னாசி, கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கேமராவோடு அழைத்துக்கொண்டு, அவள் வீட்டுப் பின்வழியைப் பார்க்க வந்திருந்தார்.

கோட்டைத் தெருவில் முதுகோடு முதுகாகக் கட்டிய இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே, மேலே கற்பலகை பாவிய ஒடுக்கமான வழி ஒன்று ஓடியது. கோட்டை இருந்த காலத்தில் சிப்பாய்கள் யார் கண்ணிலும் படாமல் குளத்துக்குப் போய்வந்த வழி என்பார்கள். அவளுக்குத் தெரிந்து அது பெண்களின் வழி. புர்கா போடாமல், யாரையும் கேட்காமல், ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்குப் போய்விடலாம். பதினாறு வயதில் ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், அந்த வழியாகத்தான் கோடி வீட்டு ரோஷன் பீ குனிந்து வந்து, "அழுவுறியா? நல்லா அழு. முடிச்சப்புறம் சாப்பிடலாம்" என்று தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மத்தியானப் பொழுதெல்லாம் இருவருக்கும் ஒன்றாகவே போயிற்று. மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தைச் செங்கல் வைத்து மூடிக்கொண்டபோதும், இவர்கள் இருவர் வீட்டுக் கதவுகள் திறந்தே கிடந்தன.

தர்மபுரி தனி ஜில்லாவான சமயத்தில், ஏதோ தேர்தல் பேச்சில் அவள் புருஷன் அப்துல் ரஷீதும் ரோஷன் பீயின் புருஷன் நூர் பாஷாவும் பள்ளிவாசல் முன்னாலேயே கைகலக்கப் பார்த்தார்கள். மறுநாள் ரஷீத் வந்து சொன்னார்: "அவங்க வூட்டுப் பக்கம் கதவ அடச்சுட்டாங்க. இனி அந்த எடம் சும்மாதானே கெடக்கும்?" தன் இரும்புக் கடையின் காலி டிரம்களையும் சாக்குகளையும் வழி நிறைய அடுக்கிவிட்டார்.

ரோஷன் அடைத்துவிட்டாள் என்பது அக்தர் பேகத்தின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஒரு கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தபோது இருவருமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நூர் பாஷா இறந்த துக்கத்துக்குக்கூட இவள் போகவில்லை. பிறகு ரோஷன் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டதாகக் கேள்வி. அதற்கப்புறம் ரஷீதும் போய்ச் சேர்ந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பெருநாளைக்கு வந்து போவான். மற்ற நாளில் சிலோன் ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும்போது, முன்பின் தெரியாத பிள்ளைகளின் பெயர்களுக்கெல்லாம் அவள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்று இவர்கள் வருகிறார்கள் என்று முந்தைய நாளே ஆள் வைத்து டிரம்களை வெளியே எடுத்திருந்தாள். இன்னாசி டார்ச்சோடு முன்னால் போனார். வௌவால் நாற்றமும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் அடித்தன. கேமரா பளிச்சிடும்போதெல்லாம் சுவர் ஒரு கணம் வெளுத்து மறைந்தது.

"அம்மா, கோடியில ஒரு கதவு இருக்குங்க. பூட்டியிருக்கு. சாவி இருக்குங்களா?"

"அது அவங்க வூட்டுக் கதவுங்க. உள்பக்கமா அடச்சது."

"இல்லீங்களே. பூட்டு நம்ம பக்கமில்ல தொங்குது?"

அவள் கிட்டே போனாள். கனத்த பித்தளைப் பூட்டு. ரஷீத் தன் கடைப் பூட்டு ஒவ்வொன்றின் அடியிலும் உளியால் ஒரு பிறை கீறி வைப்பார். புரட்டிப் பார்த்தாள். பிறை இருந்தது. அவர் இறந்த பிறகு அவள் இடுப்பில் செருகிக்கொண்ட கொத்தில், எதற்கென்றே தெரியாத சாவிகள் சில உண்டு. அவற்றில் ஒன்று துரு கரகரக்கத் திரும்பியது.

கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கன்னடமும் தமிழுமாக அலறிவிட்டாள். "அய்யோ, ஏனிது! யாருங்க நீங்க?" அந்த வீட்டை வாங்கிய நஞ்சம்மாள் அவள். இன்னாசி விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவள் அக்தர் பேகத்தையே பார்த்தாள்.

"அக்தர்ங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"வூட்ட ஒப்படச்சிட்டுப் போற அன்னிக்கு அந்தம்மா 'அக்தர், அக்தர்'னு இந்தக் கதவத் தட்டிக்கிட்டே நின்னாங்க. நானும் எத்தன தடவ கூப்பிட்டேன், வண்டி காத்திருக்குன்னு. 'அவ பூட்டிட்டா, இனி தெறக்க மாட்டா'ன்னு சொல்லிட்டு ஏறிப் போனாங்க. கம்பைநல்லூர்ல மக வூட்ல இருக்காங்கன்னு கேள்வி."

"அருமைங்கம்மா, கோடி வரைக்கும் ஒரே வழி!" என்று இன்னாசி சந்தோஷமாகச் சொன்னார். படம் பிடிப்பவர் அக்தர் பேகத்தைக் கதவோரம் நிற்கச் சொன்னார். நின்றாள். ரஷீதின் மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. கோபப்படுவதற்கும் ஆள் இருக்க வேண்டியிருந்தது. ஒரு சாக்கை நகர்த்திப் பார்க்கத் தனக்கும் இத்தனை வருஷத்தில் தோன்றவில்லையே என்ற நினைப்பும் வந்தது. உள்ளே போட்டு வைத்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறினாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்ததில் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. கடைவீதியில் விசாரித்து, காட்டிய சந்துக்குள் நடந்தாள். ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. தலை முழுக்க நரைத்திருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாருங்க? யாரு வேணும்?"

அக்தர் பேகம் முகத்திரையைத் தூக்கினாள்.

நெற்றியில் வைத்த கை இறங்காமல் அப்படியே நின்றது. பாயில் ஒரு கோழி ஏறி மிளகாயைச் சீய்த்தது. அதை யாரும் விரட்டவில்லை.