உங்கை நில்லுங்கோ

ஜேர்மனியின் வடகடல் நாளுக்கு இரண்டு தடவை எழும்பிப் போய்விட்டுத் திரும்பி வருகிற கடல். அது போயிருக்கிற நேரத்துக்குள் தீவுக்குத் தீவு நடந்தே போகலாம். கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு மணக்கிற சேறு. மரமில்லை, மேடில்லை, ஒதுங்க ஒரு பற்றையில்லை. இதில் நாலு நாள் வெறுங்காலோடு நடக்க ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். சிவமலரின் பிள்ளைகள் தாயின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இந்தச் சுற்றுலாவைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரு சேலையோடு விட்டிருக்கலாம்.

பீலெஃபெல்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து முதுகு போயிருந்ததே தவிர, அவளுக்குக் கால்கள் நன்றாகவே இருந்தன. நடை பாரமில்லை. பாரமாக வந்து சேர்ந்தது வால்டோர்ஃபிலிருந்து வந்திருந்த இளம் தம்பதி, கோகுலும் லக்ஷ்மிப்ரியாவும். இருவரும் தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் எஞ்சினியர்கள், ஜேர்மன் தெரியாது. வழிகாட்டிப் பெண் ஹைக்கேவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆகவே ஹைக்கே சொல்வதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்வது சிவமலரின் தலையில் விழுந்தது.

முதல் இரண்டு நாளும் அவர்களுக்கு விளங்கட்டும் என்று தன் யாழ்ப்பாணத் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு, 'வாங்க', 'போங்க' என்று இழுத்துப் பேசினாள். அப்படியும் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் கோகுல், "அக்கா, உங்க சிலோன் தமிழ் செம க்யூட். கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன கிளிப்பிள்ளையா? இனி என்ரை தமிழிலைதான் கதைப்பன், விளங்கினால் விளங்கட்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் பாதி வழியில் கோகுலுக்கு ஒன்றுக்கு வந்தது. ஜேர்மன் ஆண்கள் நாலடி தள்ளி நின்று முதுகைக் காட்டிவிட்டு வந்துவிட்டார்கள். கோகுல் கூச்சத்தோடு வளர்ந்த பிள்ளை. இத்தனை பெண்களுக்கும் தான் ஒரு புள்ளியாகத் தெரிகிறவரை நடப்பது என்று கிளம்பினான். கணுக்காலளவு ஓடிய ஒரு வாய்க்காலையும் தாண்டிப் போனான்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. முதலில் புள்ளி மறைந்தது, பிறகு வாய்க்கால் மறைந்தது, பிறகு பக்கத்தில் நிற்பவரின் முகமே மங்கிவிட்டது.

ஹைக்கேயின் குரல் மாறியது. கடல் திரும்பத் தொடங்கிவிட்டது, முதலில் நிறைவது அந்த வாய்க்கால்தான் என்றாள். அவன் தாண்டியது மேல்பக்கத்து ஆழமில்லாத இடம். இங்கே நிற்பவர்களுக்கும் அவனுக்கும் நேரே நடுவில் வாய்க்காலின் அடி ஆளை விழுங்குகிற சேறு. ஊதுகுழலை ஊதினால் சத்தத்தைப் பிடித்து நேரே வந்துவிடுவான், ஊதக்கூடாது. "நான் சுற்றிப் போய்க் கூட்டிவருகிறேன். அவனிடம் 'ப்ளைப் டா', நிற்கிற இடத்திலேயே நில் என்று சொல்." கயிற்றை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

சிவமலர் கைகளை வாயில் குவித்தாள். "கோகுல் தம்பி! உங்கையே நில்லுங்கோ!"

அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு கிடையாது. இங்கை என்றால் நான் நிற்கிற இடம். அங்கை என்றால் இருவருக்கும் தூரமான இடம். உங்கை என்றால் நீ நிற்கிற இடம். யாழ்ப்பாணத்தில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"சரிக்கா! வந்துட்டேன்!" என்றது பனி.

"இல்லை, உங்கை! உங்கை!" இன்னும் பலமாகக் கத்தினாள்.

"வரேன்க்கா, வரேன்!"

தண்ணீரில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது. சிவமலருக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் காதில் விழுந்தது 'இங்கே.' இங்கே வந்து நில் என்று தன்னை அழைக்கிறாள் என்று நினைத்து, அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நேரே சேற்றுக்குள் இறங்குகிறான்.

"வராதீங்க! தம்பி, வராதீங்க! வந்த கரைக்கே திரும்பிப் போங்க!" அவனுடைய தமிழில் அலறினாள்.

"என்னக்கா சொல்றீங்க? தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு! கால் மாட்டிக்கிச்சு!"

பக்கத்தில் நின்ற லக்ஷ்மிப்ரியாவுக்கு வெறி பிடித்தது. "திரும்பிப் போகச் சொல்றீங்களா? அந்தப் பக்கம் யாரு இருக்கா? கோகுல்! என்கிட்ட வா! என் குரல் கேக்குதா? நேரா வா!"

தண்ணீர் மறுபடியும் சளசளத்தது. மனைவியின் குரலுக்கு அவன் வரத்தான் செய்வான். சிவமலர் யோசிக்கவில்லை. லக்ஷ்மிப்ரியாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். அந்தப் பெண் திமிறினாள், உதைத்தாள், கையைக் கடித்தாள். பற்கள் இறங்கின. சிவமலர் விடவில்லை.

"பின்னால சாஞ்சு ஒவ்வொரு காலா உருவுங்க! என்னைப் பாத்து வராதீங்க! என் சத்தத்துக்கு முதுகைக் காட்டிட்டுப் போங்க!"

தண்ணீரின் சளசளப்பு நின்றுவிட்டது.

"தம்பி! கேக்குதா?"

ஜேர்மன்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அவர்களுடைய பாதங்களையும் தண்ணீர் தொடத் தொடங்கியிருந்தது. கடவுளே, ஒரு பிள்ளையைச் சொல்லாலேயே கொன்றுவிட்டேனே என்று நினைத்தாள் சிவமலர். கைக்குள் லக்ஷ்மிப்ரியாவின் அழுகை சூடாக இருந்தது.

மேல்பக்கத்திலிருந்து ஹைக்கேயின் குரல் வந்தது. "இஷ் ஹாப் இன்!" ஆள் கிடைத்துவிட்டான்.

சிவமலரின் கை தானாக இறங்கியது.

கயிற்றின் ஒரு நுனியில் ஹைக்கே, மறு நுனியில் நெஞ்சுவரை சேறாகக் கோகுல் என்று இருவரும் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டார்கள். லக்ஷ்மிப்ரியா ஓடிப்போய் அவனை அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடியும் அடித்தாள். ஹைக்கே யாரையும் நிற்க விடவில்லை. தீவின் மேட்டுப் புல் காலில் படும்வரை எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

புல்லில் உட்கார்ந்து சிவமலர் கையைப் பார்த்தாள். பல் பட்ட இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. லக்ஷ்மிப்ரியா வந்து பக்கத்தில் மண்டியிட்டு, தன் கழுத்துத் துணியால் அதைச் சுற்றிக் கட்டினாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. அந்த நேரத்துல நான் உங்களை நம்பவே இல்ல."

"நீங்கள் நம்பாததிலை பிழையில்லை, பிள்ளை" என்றாள் சிவமலர். "அவர் என்னை நம்பினபடியாத்தான் தண்ணிக்குள்ளை இறங்கினவர்."

லக்ஷ்மிப்ரியாவுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த வாயைத் திறந்த சிவமலருக்கு எந்தத் தமிழிலும் சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது.