பற்றிஸுக்குப் பின்னால் ஓர் ஆய்வுகூடம்

"ஒரு தட்டு மீன் பற்றிஸைக் கொண்டு ஒரு முழு ஆய்வுகூடத்தையே மறைச்சுப்போட்டன் அத்தான். மூண்டு பரிசோதகர்மார், ஆறு கண். ஒரு கண்ணுக்கும் தெரியேல்லை."

புஷ்பவதி இதைச் சொன்னபோது, ஓக்லாந்து நகரத்துப் பாபடோயிட்டோயில் அவளுடைய அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குப் புரையேறியது. மற்றப் பாதிப் பேர் சிரித்தார்கள். அத்தான் ஏரம்பமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. தேங்காய்ப்பால் சொதியில் ஊறிய விரலை ஒவ்வொன்றாக நிதானமாகச் சூப்பிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆயுட்காலம் பள்ளிக்கூடப் பரிசோதகராக இருந்தவர். அவருடைய சைக்கிள் சந்தி திரும்பினால் போதும், தலைமை ஆசிரியர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். பள்ளிக்கூடத்து ஆடுமாடுகூட வரிசையில் நிற்கும் என்பார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மகனோடு ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தவர். சைக்கிள் போனது, ஊர் போனது. பரிசோதகர் என்ற நிமிர்வு மட்டும் போகவில்லை.

"பரிசோதகர் எண்டால் ஆரெண்டு தெரியுமே உனக்கு? பாக்காத அறையைப் பாத்தன் எண்டு எழுத மாட்டான். கை அழுகிப் போகும்," என்றார்.

"அப்ப இந்த நாட்டிலை மூண்டு பேற்றை கை இந்நேரம் அழுகியிருக்கோணும்," என்றாள் புஷ்பவதி. சொல்லும்போதே குரல் உடைந்தது. பெருமையடித்தவளின் குரல் அப்படி உடையக் கூடாது. பெருமைக்கு அடியில் கிடந்தது ஆத்திரம், அதுவும் சட்டிக்குள் அடங்காத ஆத்திரம்.

விஷயம் இதுதான். ஹில்ஸ்பரோ மேட்டில், மரத்தால் கட்டிய பெரிய பழைய வீடொன்றில் நடந்த சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தில் அவள் விஞ்ஞானம் படிப்பித்தாள். தீவுகளிலிருந்து வந்த பிள்ளைகளும், இலங்கையிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளும், வேறெங்கும் ஒட்டாத உள்ளூர்ப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். அந்த வேலை கிடைக்கும்வரை அவள் பிஸ்கற் பக்ரறியில் நின்று பெட்டி ஒட்டினாள். பேராதனையில் பட்டம் பெற்ற கை அது. ஒட்டிய பெட்டிகளை அடுக்கினால் சந்திரனைத் தொட்டு, மிச்சத்தை அங்கேயே இறக்கி வைத்திருக்கலாம்.

தனியார் பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் வேலையை அரசாங்கம் ஒரு கழகத்திடம் ஒப்படைத்திருந்தது. 'நீங்கள் பார்த்தால் நாங்கள் பார்த்த மாதிரி' என்று அங்கீகாரம் கொடுத்திருந்தது. பெரிய பெரிய பள்ளிகளில் அதிபராக இருந்து ஓய்ந்த கனவான்கள்தான் கழகம். அவர்களின் தலைவர் மிஸ்ரர் விற்மோர். அவருடைய மீசையின் ஒரு நுனி ஹில்ஸ்பரோவில் நுழைந்தால் மறு நுனி நகரத்தின் மறுபக்கத்து ஹாபர் பிரிட்ஜில் வாகனங்களை மறிக்கும். மார்ச் மாதத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். போய் ஒரு மாதத்தில் கழகத்தின் முடிவு வந்தது: ஆய்வுகூடம் இருட்டு, ஒடுக்கம், ஆபத்து, பிள்ளைகளை அதற்குள் விடக் கூடாது, ஆகவே இந்தப் பள்ளிக்கூடத்தின் பதிவை அடுத்த பள்ளித் தவணையோடு நிறுத்தலாம்.

புஷ்பவதிக்கு மறுபடி பிஸ்கற் பெட்டி கண்முன்னே வந்து நின்றது.

"அவங்கள் ஆய்வுகூடத்துக்கு வரவே இல்லை அத்தான்," என்றாள். "ஸ்ராஃப் றூமை விட்டு அசையேல்லை. இருந்து திண்டவங்கள்."

"நீ ஏன் சாப்பாட்டை முதல்லை வைச்சனீ?" என்று கேட்டார் ஏரம்பமூர்த்தி. குற்றவாளியைக் கண்டுபிடித்த குரல்.

அங்கேதான் பிழை நடந்தது, அவளுக்கும் தெரியும். ஊரில் பரிசோதகர் வருகிற நாளில் வெள்ளை மேசைவிரிப்பு விரித்து, பலகாரத்தை மூடி வைப்பார்கள். வகுப்பெல்லாம் பார்த்து முடிந்த பிறகுதான் மூடி திறக்கும். இங்கேயோ பத்து மணிக்கு மோர்னிங் ரீ. வந்தவர்கள் வந்தவுடனே தேநீரை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அவளும் மூடியைத் திறந்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்தது இரண்டு மரியாதைகளின் மல்யுத்தம். விருந்தாளியின் தட்டு வெறுமையாவது யாழ்ப்பாணத்தாளுக்கு மானக்கேடு; வைத்ததை மிச்சம் விடுவது விற்மோருக்கு மானக்கேடு. அவள் வைக்க வைக்க அவர் தின்றார். அவர் தின்னத் தின்ன அவள் வைத்தாள். மீனை மாவுக்குள் மடித்த பற்றிஸ் முடிய ரோல்ஸ், ரோல்ஸ் முடிய கட்லெற், அது முடிய அடுத்த வீட்டுக்காரியின் அடுப்பிலும் ஒரு தட்டுப் பற்றிஸ் வெந்தது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவனைப் பார்த்து 'போதும், எழும்பி வாரும், ஆய்வுகூடம் பார்க்கலாம்' என்று சொல்ல அவளுடைய வளர்ப்பு விடவில்லை. ஓக்லாந்தில் அன்று ரின்னில் அடைத்த மீனுக்குத் தட்டுப்பாடு வந்ததாகக்கூடச் சொல்லிக்கொண்டார்கள். மூன்று மணிக்குக் கனவான்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அற்புதம், மிக அற்புதம் என்று கைகுலுக்கினார்கள். காரின் பின்பக்கம் தரையில் உரச ஏறிப் போனார்கள்.

அற்புதம் என்று அவர்கள் சொன்னது பள்ளிக்கூடத்தை என்று நினைத்து அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர்கள் உப்பையும் தின்று, உறைப்பையும் தின்று, உண்ட வீட்டுக்கே ரெண்டகம் செய்தார்கள்.

"நான் நம்ப மாட்டன்," என்றார் ஏரம்பமூர்த்தி. "உனக்குத் தெரியாமல் ஒருத்தன் எழும்பிப் போய்ப் பாத்திருப்பான். நாங்கள் அப்படித்தான், மூத்திரத்துக்குப் போறம் எண்டு சொல்லிப்போட்டு நாலு வகுப்பைப் பாத்திடுவம்."

புஷ்பவதி சோற்றைப் பிசைந்தபடி விட்டுவிட்டு எழும்பினாள்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வெலிங்டனில் இருக்கும் கல்வித் திணைக்களத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். அதிபர் மிஸிஸ் ஹார்டிங் நல்ல மனுஷி, ஆனால் பயந்தவள். பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள். அழைப்பு ஒவ்வொரு மேசையாகத் தள்ளிவிடப்பட்டது. கடைசியில் மிஸ் கெல்லி என்ற அதிகாரி குரல் கொடுத்தாள். புஷ்பவதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கழகம் இருக்கிறது, கழகத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

நாங்கள்தான், என்றாள் மிஸ் கெல்லி. அங்கீகாரம் கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூடவே போய், அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்க்கலாமாம்.

இதுவரை எத்தனை தரம் பார்த்தீர்கள் என்று புஷ்பவதி கேட்டாள். மறுமுனையில் கோப்புகளைப் புரட்டித் தேடிய சத்தம் வெலிங்டனில் தொடங்கி, குக் நீரிணையைத் தாண்டி, தென்துருவத்தில் பென்குவின்களை எழுப்பியிருக்கும்.

"ஒரு தரமும் பாக்கேல்லையாம். இண்டைக்குத்தான் ஒரு ஆள் கேட்டிருக்கு," என்று பிறகு ஸ்ராஃப் றூமில் பெருமூச்சு விட்டாள் புஷ்பவதி. தமிழ் விளங்காத மிஸிஸ் ஹார்டிங்கும் தலையாட்டினாள்.

மே மாதத்தில் ஒரு காலை, கழகம் எப்படிப் பார்க்கிறது என்று பார்க்க மிஸ் கெல்லி வந்தாள். ஒல்லியான பெண், தட்டைச் சப்பாத்து, தடித்த கம்பளிச் சட்டை. விற்மோரும் மீசையும் முன்னரே வந்திருந்தார்கள். பெற்றோர் சார்பில் யாராவது வரலாம் என்று சொல்லியிருந்ததால், பேரப்பிள்ளை அங்கே படிக்கும் உரிமையில் ஏரம்பமூர்த்தி கோட்டுப் போட்டு வந்து நின்றார். புஷ்பவதிக்காக அல்ல, பரிசோதகர் குலத்தின் மானத்துக்காக. விற்மோரிடம் போய், தானும் அந்தத் தொழில்தான் என்று கைகொடுத்தார். விற்மோர் மகிழ்ந்துபோனார். அன்று ஸ்ராஃப் றூம் மேசையில் தண்ணீர்க் குவளைகூட இல்லை.

மிஸ் கெல்லி சொன்ன ஏற்பாடு மிகச் சின்னது. பள்ளிக்கூடத்து ஆட்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது, வழி காட்டக் கூடாது. மார்ச் மாதத்தில் போனபடியே மிஸ்ரர் விற்மோர் ஆய்வுகூடத்துக்கு முன்னே நடக்கட்டும். அவள் பின்னே வருவாள்.

விற்மோர் நெஞ்சை நிமிர்த்தி மாடிப்படி ஏறினார். "பார் அந்த நடையை," என்று ஏரம்பமூர்த்தி மைத்துனியின் காதில் சொன்னார். "தெரிஞ்சவன்ரை நடை."

தெரிந்தவர் மாடியில் முதல் கதவைத் திறந்தார். துவாய்களும் தலையணை உறைகளும் அவர் மீசைமேல் சரிந்து விழுந்தன.

"மாடியிலை ஈரம் இருக்கோ எண்டு பாக்கிறார்," என்றார் ஏரம்பமூர்த்தி.

அடுத்த கதவு குளியலறை. சுகாதாரம், நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன் என்றார் ஏரம்பமூர்த்தி. அடுத்தது சங்கீத அறை. பியானோவுக்குப் பின்னால் இருந்த ஆசிரியை எழுந்து வணக்கம் சொன்னாள். அத்தான் இதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், காரணம் அகப்படவில்லை, இருமினார். விற்மோர் கீழே இறங்கினார். சமையலறைக்குள் போய் வெளியே வந்தார். கொல்லைப்புறத்தில் கோழிக்கூட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கோழிகள் அவரை மரியாதையாகப் பார்த்தன. ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகளின் முகம். முழு ஓக்லாந்தும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மௌண்ட் ரொஸ்கில் பஸ்கூடச் சந்தியில் நின்று பார்த்தது என்று சொல்வார்கள்.

கடைசியில் அவர் முகம் மலர்ந்தது. கொல்லை மூலையில் தகரக் கூரை போட்ட பழைய சலவை அறை. உள்ளே ஒரு காஸ் அடுப்பு, ஒரு தொட்டி, தட்டுத் தட்டாகக் கண்ணாடிப் போத்தல்கள், மூக்கைத் துளைக்கும் ஆவி. 'இதோ' என்று கையை விரித்தார். இருட்டைப் பாருங்கள், ஒடுக்கத்தைப் பாருங்கள், திறந்த நெருப்பைப் பாருங்கள் என்று மிஸ் கெல்லிக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்த இரசாயனங்களைப் பூட்டிக்கூட வைக்கவில்லையே என்று போத்தல்களை நோக்கி விரலை நீட்டினார்.

அடுப்படியில் நின்ற சமையற்கார அம்மா துடுப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சந்தைக்குப் பிஜோவாப் பழ ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

மிஸ் கெல்லி ஒரு போத்தலை எடுத்து மூடியைக் கழற்றி முகர்ந்தாள். இதுதான் ஆய்வுகூடம் என்பதில் சந்தேகம் இல்லையே என்று கேட்டாள். துளியும் இல்லை என்றார் விற்மோர்.

பேசக் கூடாது என்ற கட்டளை அதோடு முறிந்தது. புஷ்பவதி இங்கிலீஷை மறந்தாள். அத்தானைப் பார்த்துத் தமிழில் வெடித்தாள்.

"பாத்தியளே அத்தான்? ஜாம் கிண்டுற இடத்தைக் காட்டி என்ரை வேலையைப் பறிக்கப் பாத்தவன். இத்தினை பிள்ளையளை றோட்டிலை விடப் பாத்தவன். நான் கும்பிட்டுக் கும்பிட்டுச் சோறு போட்டவள். இவனைக் கேள்வி கேக்க ஒரு நாதி இல்லையெண்டுதானே?"

பிறகு யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வேலிக்கு அப்பால் சரிவில் இறங்கினாள். எல்லோரும் பின்னால் போனார்கள். பழைய வண்டிக் கொட்டகையைப் பெற்றோர்கள் சேர்ந்து ஆய்வுகூடமாக மாற்றியிருந்தார்கள். சுவரில் பாதி கண்ணாடி. மனுக்காவ் துறைமுகமே உள்ளே வந்து உட்கார்ந்தது போன்ற வெளிச்சம். சீமெந்தில் இறுக்கிய தொட்டிகள், பூட்டிய அலுமாரிகள். பிள்ளைகள் கண்ணாடித் தட்டுகளில் துரிசு உப்பைக் கரைத்து நீலப் பளிங்கு வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

விற்மோர் ஒரு கணம்தான் தடுமாறினார். மார்ச்சில் இந்த அறை இங்கே இல்லை என்றார். தன்னைக் குழப்புவதற்காக இடம் மாற்றிவிட்டார்கள் என்றார். மிஸ் கெல்லியின் முகத்தில் முதல் தடவையாகத் தயக்கம் தெரிந்தது. அன்று என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விற்மோர் அதைக் கண்டுகொண்டார். ஏரம்பமூர்த்தியின் தோளில் கை வைத்து, இவரும் எங்கள் தொழில்தான், இவரையே கேளுங்கள், பள்ளிக்கூடங்கள் பரிசோதகரை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று இவர் சொல்வார் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக் குடும்பத்துக்கும் முன்னால் புஷ்பவதியைப் பொய்க்காரி ஆக்கிய அதே வாயிடம் போய் அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது.

ஏரம்பமூர்த்தி தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்து அப்பால் விட்டார். தொட்டியருகே குனிந்து, சீமெந்தோடு புதைந்த குழாயைத் தடவினார். குழாயின் அடியில் சுவரை ஒட்டி வளர்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டி மிஸ் கெல்லிக்குக் காட்டினார். இதை மார்ச்சுக்குப் பிறகு வைத்ததென்றால் இந்தப் பாசியையும் வெலிங்டனிலிருந்து வரவழைத்துத்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்று, ஊர் இங்கிலீஷில், வகுப்புக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பள்ளிக்கூடங்கள் ஏமாற்றும் ஏமாற்றெல்லாம் தனக்குத் தெரியும், இது அதில் இல்லை என்றார். இந்த மனிதர் இந்த வாசற்படியை இன்றைக்குத்தான் முதன்முதலாக மிதிக்கிறார் என்றார்.

விற்மோர் குனிந்து அந்தப் பாசியைத் தானும் சுரண்டிப் பார்த்தார். மீசையின் நுனி தொட்டிக்குள் விழுந்தது.

மிஸ் கெல்லி சுற்றி வளைக்கவில்லை. கழகத்தின் முடிவு செல்லாது, பள்ளிக்கூடத்தின் பதிவு அப்படியே இருக்கும் என்றாள். கழகத்தின் அங்கீகாரம் அன்றிலிருந்து நிறுத்தி வைக்கப்படும், அவர்கள் பார்த்த மற்றப் பள்ளிக்கூடங்களையும் அவளே ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பாள். இவ்வளவு காலம் பார்க்காதது எங்கள் பிழை என்றும் சொன்னாள். அரசாங்கம் பிழை ஒப்புக்கொண்ட அந்தச் சொல்லுக்காகவே துறைமுகத்தில் அலை இரண்டு மடங்கு எழும்பியது.

கார்கள் போன பிறகு புஷ்பவதி ஆய்வுகூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏரம்பமூர்த்தி அவளைப் பார்க்காமல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்திருந்தது, யாரோ செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் போல.

"முழு நாளும் இருந்து திண்டவங்களோ?" என்று கேட்டார்.

"முழு நாளும் அத்தான்."

"ஒருத்தனும் மூத்திரத்துக்குக்கூட எழும்பேல்லையோ?"

"இல்லை."

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், பிறகு மறுபடி பூட்டினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "நீ சொன்னது நடந்ததுதான்."