உமாராணியின் முழங்கை

1.

தென்காசியில் டாக்டர் ரூபியின் எலும்பு மருத்துவமனையில், என் முட்டிவலியைக் காட்டக் காத்திருந்தபோது கிடைத்த கதை இது. உள்ளே ஒரு பெண், "வலிக்கி! வலிக்கி!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எம் மவதான் அண்ணாச்சி. எப்படிக் கத்துதா பாத்தியளா?"

கலெக்டரான மகளைக் காட்டுவதுபோலச் சொன்னார். எழுதாமல் இருக்க முடியுமா?

2.

"குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு காலையில்..."

(வேண்டாம். குற்றாலத்தைச் சாரலில் தொடங்காத எழுத்தாளர் உண்டா?)

நேராகவே சொல்கிறேன். இலத்தூர் உமாராணி போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸானவள். அடுத்தது ஓட்டமும் பந்து எறிதலும். அதற்குள் அருவிக்கரையில், யாரோ எண்ணெய் தேய்த்துக்கொண்ட இடத்தில் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தாள். முதலில் போன இடத்தில் முன்கையை மட்டும் படம் எடுத்து, ஓர் எலும்பு ஒடிந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். விரல்கள் வீங்கவே ரூபியிடம் வந்தாள்.

3.

ரூபி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முழங்கையே தெரியலியே. அங்கன வலிக்கா?"

"இல்ல டாக்டர்."

(நான் நம்பவில்லை.) ரூபியும் நம்பவில்லை. கட்டைப் பிரித்து, முழங்கையும் மணிக்கட்டும் தெரிய மறுபடி படம் எடுத்தார். முன்கையில் எலும்பு இரண்டு. ஒன்று ஒடிந்திருந்தது, மற்றது முழங்கை மூட்டிலிருந்து நழுவியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் கை சரியாக மடங்காது. போலீஸ் கனவு அதோடு போச்சு.

அப்பா தளவாய், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கொதித்துவிட்டார். "ஏட்டி, வலிக்குன்னு ஏன் சொல்லல?"

"கால்ல குண்டு பட்டப்ப நீங்க சொன்னியளாப்பா? வாயே தொறக்கலன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லுதிய!"

அப்போது தளவாயின் முகம்

[மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். வரவில்லை.]

"அது பொய்ட்டி," என்றார். "ஆஸ்பத்திரியே அதிர அழுதேன்."

4.

ஒடிந்த எலும்பை நேராக்கி ரூபி தகடு வைத்தார். அது நேரானதும், நழுவியது தானாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. (நானே கற்பனை செய்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடித்திருக்க மாட்டேன்.) பிறகு கையை மடக்கி நீட்டும் பயிற்சி. நான் கேட்ட அலறல் அதுதான்.

5.

இனி என் சொந்தச் சரக்கு. முதல் முடிவில் அவள் தேர்வாகிறாள். இரண்டாவதில் அவள் எறிந்த பந்து ஒரு சாண் குறைந்து விழுகிறது. இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை.

மைதானம். உமாராணி ஓடிவந்து கையை முழுசாக நீட்டி வீசுகிறாள். வேலிக்கு வெளியே தளவாய் நிற்கிறார். பந்தை அவர் பார்க்கவில்லை. மகளின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எவ்வளவு தூரம் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் அளந்துகொள்ளுங்கள்.