தண்ணீர் நின்ற கோடு

"வீட்ல கல்யாணமா ரீ? வெள்ளையெல்லாம் அடிச்சிருக்கீங்க?"

பக்கத்து வீட்டு யசோதா படியில் நின்று எட்டிப் பார்த்து, கன்னடத்து மரியாதை 'ரீ' போட்டுக் கேட்டாள். வனஜாவுக்கு அந்தக் கிண்டல் புரியவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை. வீடு கழுவாமல் அவளால் விளக்கேற்ற முடியாது. புதன்கிழமை மழையில் பின்னாலிருக்கும் பெரிய சாக்கடை பொங்கி, பெங்களூர் ஆஸ்டின் டவுனின் இந்தப் பள்ளத் தெரு முழுவதும் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. அவள் சேற்றை வாரிக் கொட்டினாள். பினாயில் ஊற்றித் தேய்த்தாள். சுவரில் ஓடிய பழுப்புக் கோட்டின்மேல், பொங்கலுக்கு வாங்கி மீந்திருந்த சுண்ணாம்பை நீலம் கலந்து பூசினாள். விளக்கு எரிந்த பிறகுதான் மூச்சு சீரானது.

"கார்ப்பரேஷன் ஆளு வீடு வீடா பார்த்து எழுதிட்டு வராரு. தண்ணி பூந்த வீட்டுக்கு செக் தர்றாங்க. நாங்கெல்லாம் கட்டில் மேல உக்காந்து சேத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கோம். நீங்க தொடைச்சுட்டீங்களே."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே யசோதாம்மா."

"சொல்ல வந்தேன். கதவு சாத்தியிருந்தது. உங்க கதவு எப்பத் தொறந்திருக்கு?"

வனஜா அடுப்படிக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். கிரைண்டர் இருந்த மூலை காலியாக இருந்தது. மாவு அரைத்து விற்றுத்தான் அவள் சாப்பிட்டாள். மோட்டார் எரிந்துவிட்டது, புதுசு போடாமல் ஓடாது, பாதிப் பணமாவது கொடுத்தால்தான் கை வைப்பேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். அந்த செக் வந்தால் கிரைண்டர் ஓடும். வராவிட்டால் மாவு வியாபாரம் அதோடு முடிந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? அழுக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார ஏன் தன்னால் முடிவதில்லை?

யசோதா ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாள். "எங்க வீட்டு சேறு. சுவத்துல பூசுங்க. வாடகை வேணாம்."

வனஜா கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். சுவர் வரை கொண்டுபோனாள். பூசினால் அது பொய்யாகத் தெரியும் என்று தோன்றியது. உண்மையாகவே வந்த தண்ணீர்தான். ஆனாலும் கை எழவில்லை. சேற்றைப் பக்கெட்டிலேயே உதறிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆள் வந்துவிட்டார்.

கோவிந்தப்பா என்று சட்டைப் பையில் அட்டை குத்தியிருந்தது. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார்.

"இது என்னம்மா, சேத்தை பக்கெட்ல வெச்சிருக்கீங்க?"

"வீட்டைக் கழுவி வாரினது சார்," என்றாள் யசோதா.

"கிரைண்டர் வீணாப் போச்சு சார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்," என்றாள் வனஜா.

"கண்ணால பார்க்கிறதைத்தாம்மா எழுத முடியும். எங்க வீட்டை விட சுத்தமா இருக்கு. எப்படி எழுதறது?" குரலில் கோபமில்லை, களைப்புதான். பேனாவை மூடினார்.

வனஜாவின் கண் பீரோவுக்குப் போனது. வீட்டில் அவள் தொடாத ஒரே இடம் அது. கீழ்த்தட்டு இரண்டும் தண்ணீரில் ஊறியிருந்தன. திறந்தால் துவைக்க வேண்டும், துவைத்தால் தெருக்கொடியில்தான் காயப்போட வேண்டும், தெருவே பார்க்கும். அதனால் சாவியைத் திருகிவிட்டு மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

"நில்லுங்க சார்."

கதவை இழுத்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கலங்கல் தண்ணீர் வழிந்து, தேய்த்த தரையில் ஓடியது. உள்தகட்டில் இடுப்பு உயரத்தில் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. கீழே மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தவை எல்லாம் ஆண்பிள்ளைச் சட்டைகள். வேலைக்குப் போட்டவை, விசேஷத்துக்குப் போட்டவை, கட்டாத வேட்டி ஒன்று. வனஜா யசோதாவின் பக்கம் திரும்பவில்லை. கணவர் ஓசூர்க் கம்பெனியில் இருக்கிறார், ஞாயிறு இருட்டில் வந்து விடிவதற்குள் போய்விடுகிறார் என்று இவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

கோவிந்தப்பா குனிந்து பார்த்தார். பேனாவைத் திறந்தார். "சரி. ரேஷன் கார்டு யார் பேர்ல?"

"சிவசங்கரன்."

"அப்ப அவர் பேர்லதான் செக் வரும். வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

ஓசூரில் இருக்கிறார் என்ற வாக்கியம் வழக்கம்போல நாக்கு வரை வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் வீடு பழையபடி இருக்கும். செக் யாரும் மாற்ற முடியாத காகிதமாகும்.

"அவர் இங்க இல்லை சார். போயிட்டாரு. எங்கன்னு எனக்குத் தெரியாது." குரல் தன்னுடையதுபோல இல்லை. "என் பேர்ல எழுத முடியுமா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க சாட்சி போட்டா எழுதலாம்."

யசோதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க போடணும், காட்டுங்க," என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். செக் வார்டு ஆபீசில், அடுத்த வாரம் வந்து கேளுங்கள் என்று சொல்லியிருந்தார். செக் வந்துவிடுமா, யசோதா இன்று மாலைக்குள் யார் யாரிடம் சொல்லுவாள், அவளுக்கு முன்பே தெரியுமா, தெரிந்துதான் ஒரு ஞாயிறுகூட எதுவும் கேட்காமல் இருந்தாளா? எதையும் நினைத்து முடிக்க முடியவில்லை. வனஜா சட்டைகளை வாரித் தொட்டியில் போட்டு அலசினாள். சேறு போகப் போக வந்துகொண்டே இருந்தது. பிழிந்து தெருவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள்.

கயிறு கனத்தில் தொய்ந்தது. யசோதா தன் வீட்டு ஜன்னல் கம்பியில் அதன் மறுமுனையை இழுத்துக் கட்டினாள்.

"இதையெல்லாம் தொவைச்சு என்ன ரீ பண்ணப் போறீங்க?"

வனஜா ஒரு சட்டையின் கையை நிமிர்த்திவிட்டாள்.

"கிரைண்டர் தொடைக்க ஆகும்."