கண்ணு பட்டுடும், மூடி வை

சரிகையின் மேல் சூடு நேராகப் படக்கூடாது, வெள்ளைத் துணியைப் போட்டு அதன் மேல்தான் இஸ்திரிப்பெட்டி, இதெல்லாம் கைக்குத் தெரியும், மனசுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, இந்தப் பெண் எப்போது எழுந்து போவாள்... அகிலா போகிற மாதிரி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தங்கை அபிநயாவின் முகூர்த்தப் புடவை மடிப்பு மடிப்பாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை, அவளுடைய அப்பாவே தன் தறியில் நெய்தது, வந்ததிலிருந்து அதையே சொல்கிறாள். கல்யாண அவசரத்தில் கொசுவம் வைத்துப் போராடாமல் அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்ளும்படி புடவைகளை முன்னாலேயே மடித்துத் தேய்த்துக் கொடுப்பதுதான் பிரவீனாவின் தொழில். செவிலிமேட்டில் இந்த வாடகை வீட்டின் முன்னறை, ஒரு மேசை, ஒரு டப்பா நிறைய கிளிப்புகள். அப்புறம் போன். போன் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை என்று அவளுக்குத் தெரியும், போனில் இருக்கும் அந்தக் குரல் இல்லாவிட்டால்... வேண்டாம், முந்தானையைப் பார், கோடு விலகுகிறது.

"அக்கா, அண்ணன் வூட்ல இல்லியா?" என்றாள் அகிலா. இல்லை என்று சொல்லலாம், அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் அது பொய்கூட இல்லை. "ஷிஃப்ட்டுக்குப் போயிருக்காரு" என்றது பிரவீனாவின் வாய். எவ்வளவு இயல்பாக வருகிறது! "ஐயோ, அவர நேர்ல ஒரு வாட்டி சொல்ல வைக்கலாம்னு நெனச்சிக்கினு வந்தேன்கா, அபிநயா பேரையும் சேத்து... அவ அப்படியே அழுதுடுவா, அவ்ளோ புடிக்கும் அவளுக்கு அந்த வாய்ஸு." பிரவீனா சிரித்தாள். சிரிக்கும்போது இஸ்திரிப்பெட்டி கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது, பதறி எடுத்தாள், துணியைத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை, சரிகை அப்படியே மின்னுகிறது. அந்தப் பெண் கவனிக்கவில்லை.

முதல் வீடியோக்களை வெளியாள் யாரும் பார்க்கவில்லை, அது நினைவிருக்கிறது. ரவை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, முகம் தெரியாமல், கைகள் மட்டும், பக்கத்து வீட்டுப் புடவையை மடிப்பதை எடுத்துப் போடுவாள். பார்க்கிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். அப்புறம் ஒரு நாள் புருஷன் சந்தோஷ்குமார் ஒரகடத்துக் கம்பெனியில் வேலை முடிந்து நீலச் சட்டையோடு வந்து வாசலில் நின்றான், அவள் வீடியோ எடுக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது, மேசையில் விரித்துக் கிடந்த மஞ்சள் பட்டைப் பார்த்து, "யப்பா... இன்னாமா இது, கண்ணு பட்டுடும், மூடி வை மூடி வை" என்றான். திருப்பி எடுக்க நேரமில்லை, அதையே போட்டாள். அதற்குப் பிறகு போன் அடங்கவில்லை. சென்னையிலிருந்தெல்லாம் கேட்டார்கள். அதோடு நின்றதா, அந்தக் குரலை மட்டும் உருவி எடுத்து ஊரே தன் வீடியோவில் போட்டுக்கொண்டது, வாலாஜாபாத்தில் கேக் செய்கிறவள், வளையல் விற்கிறவள், எங்கோ ஒரு ஊரில் வஞ்சிர மீனைத் தூக்கிக் காட்டும் ஒரு ஆள், எல்லாருடைய சரக்கைப் பார்த்தும் சந்தோஷ்குமார் கண்ணு பட்டுடும் என்றான். அவனுக்கு ஒரே வெட்கம், பெருமையும்தான், கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று வந்து சொல்வான்... பொங்கல் கழிந்த வாரம் காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

குரல் மட்டும் படுக்கவில்லை. டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள், அதிலிருந்து திடீரென்று அவன், யப்பா இன்னாமா இது என்று, பிரவீனா எந்த நிறுத்தம் என்றுகூடப் பார்க்காமல் இறங்கிவிட்டாள், வெயிலில் நின்றுகொண்டு அந்த பஸ் போவதையே பார்த்தாள், அவன் அதில் ஏறிப் போகிற மாதிரி. வீடியோவை அழித்துவிட்டால் நின்றுவிடுமோ? அழித்தாலும் மற்றவர்களிடம் இருப்பது இருக்கும் என்கிறார்கள். அழித்தால் அப்புறம் தன்னிடம் மட்டும் இருக்காது, ஊரெல்லாம் இருக்கும்... அது இன்னும் மோசம் இல்லையா?

சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். தொழிலை மறுபடி ஆரம்பித்தபோது முதலில் வந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா. உட்கார்ந்ததுமே, "சுமங்கலி கையால மடிச்சா நல்லதுன்னுதான்மா உன்னத் தேடிக்கினு வந்தோம், உன் வூட்டுக்காரரு எவ்ளோ ஆசையா பேசறாரு!" என்றாள். அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான், அவளுக்காகக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது, வருகிறவர்கள் எல்லாரிடமும் அதுவே சொன்னது. வீடியோவில் கை தெரியுமே என்று கண்ணாடி வளையல்களை மறுபடி எடுத்துப் போட்டாள், இப்போது அவை கிளிப் டப்பாவிலேயே கிடக்கின்றன, ஆள் வந்தால் கையில் ஏறும். முதல் தடவை வளையல் சத்தம் கேட்டபோது மாமியார் கங்கையம்மாள் உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். பின்பக்கம் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்துப் போட்டு மறுபடி கழுவினாள். இப்போது இந்தப் பச்சைக் கரையின் மேல் தன் கை ஊர்கிறது, நாளைக்கு அந்தப் பெண் இதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள், அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்... சீ, புடவை என்ன செய்யும், கை என்ன செய்யும்? தன் கல்யாணப் புடவையை மடித்துக் கொடுத்தது நல்லா வாழ்ந்த பெரியம்மாதானே?

"முடிஞ்சுதாக்கா? இருங்க, ஒரு வீடியோ எடுத்துடறேன்" என்று அகிலா எழுந்தாள். மடித்த புடவையை மேசையில் நேராக்கினாள், வளையலோடு கையைக் கரையின் மேல் வைக்கச் சொன்னாள், ஒரு கையால் தன் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் எதையோ தட்டினாள். பிரவீனா வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அறை முழுக்க, பெரிய சத்தமாக, "யப்பா... இன்னாமா இது, கண்ணு பட்டுடும், மூடி வை மூடி வை."

"வந்துட்டியா? கை காலு கழுவிக்கினு வாடா" என்று சமையலறையிலிருந்து கங்கையம்மாள் சொன்னாள்.

அகிலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணன் வந்துட்டாராக்கா!" வாசலைப் பார்த்தாள். பிரவீனாவும் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று தெரிந்தே பார்த்தாள். வாசலில் செருப்புகள், கதவுக்கு வெளியே வெயில். உள்ளே பாத்திரத்தின் ஓசை நின்றுபோயிருந்தது. ஈரக் கையோடு கங்கையம்மாள் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அகிலாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள், மேசை மேல் கிடந்த அரக்குப் பட்டைப் பார்த்தாள், பிரவீனாவின் வளையல்களைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள், சொல்லட்டும், யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்... "அண்ணன் எங்கம்மா?" என்றாள் அகிலா. "அவன் போய்ட்டாம்மா" என்றாள் கங்கையம்மாள். "அதுக்குள்ளியா? ஒரு நிமிஷம் இருந்திருக்கலாம்ல!" அகிலாவுக்கு உண்மையிலேயே வருத்தம். பிரவீனா பெட்டியில் வைத்துக் கொடுத்த புடவையை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்கா. அண்ணன்கிட்ட நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க." பிரவீனா தலையாட்டினாள். ஸ்கூட்டர் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

கங்கையம்மாள் நிலைப்படியிலேயே நின்றாள். "அவன் கொரலக் கேட்டா வாயி தானா தொறந்துக்குது, நான் இன்னா பண்றது" என்றாள், யாரோ திட்டியதற்குப் பதில் சொல்வது போல. "விடுங்கத்தை" என்றாள் பிரவீனா. மாமியார் உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் வாய் திறந்துகொள்கிறது. மகன் பேசினான், அம்மா பதில் சொன்னாள். அவ்வளவுதானே நடந்தது. எத்தனை தடவை கேட்டிருக்கிறோம், பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் தலையணைக்கடியிலும், நம் வாய் ஒரு தடவைகூடத் திறக்கவில்லையே, ஏன்? அன்றைக்கு அவனுக்கு என்ன பதில் சொன்னேன்? ஏதோ சொன்னேன், கட்டாயம் சொன்னேன், அதைத்தானே என் பேச்சு எதற்கு என்று விரலாலேயே வெட்டிவிட்டுப் போட்டேன். என்ன பேச்சு அது? போய்யா என்று சிரித்தேனா, வேலை கெட்டுப்போகுது தள்ளு என்று எரிந்து விழுந்தேனா, தண்ணி குடிக்கிறியா என்று கேட்டேனா... அவன் முகம் தெரிகிறது, நீலச் சட்டை தெரிகிறது, பதில் கேட்ட பிறகு அந்த முகம் எப்படி மாறியது என்பது மட்டும் வரவில்லை. பிரவீனா தன் போனை எடுத்து அந்த வீடியோவைத் திறந்தாள். யப்பா இன்னாமா இது என்றான். மூடி வை மூடி வை என்றான். அந்த இடத்தில் எதுவானாலும் வரட்டும் என்று வாயைத் திறந்தாள், அதற்குள் அவன் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டான்.